மூன்று பதினேழு

வலியசாலை வீட்டுக்குள் வெங்கிடேஷ் நுழைந்தபோது மத்தியானம் இரண்டரை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. கையில் பழவங்காடியில் வாங்கிய பொட்டலம். அதில் கம்ப்யூட்டருக்கான ராம் மெமரி ஒன்று, ஒரு பட்டன் பாட்டரி. ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோன அண்ணா பிச்சுமணியின் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டி ஓடவைக்க வேண்டும். "புதுசு எதுக்கு சித்தப்பா? அப்பாவோடதே போறும்" என்று அண்ணா மகள் மாளவிகா பிடிவாதம் பிடித்தாள். அவளுக்குக் காலேஜ் திறக்கப்போகிறது.

பரணிலிருந்து இறங்கி அது பின்னறை மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். தூசியோடு சேர்ந்து விபூதி வாசனை வந்தது. அண்ணா குழைத்துப் பூசிக்கொள்ளும் அதே விபூதி. பூஜை அறை பக்கத்தில்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இதே மேஜையில்தான் அண்ணா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சாய்வதற்குமுன் தம்பியை மூன்று தடவை போனில் அழைத்தார். ஆபீஸில் இருந்த தம்பி மூன்றையும் கட் செய்தான். 'மவுஸ் நகரலைடா' என்று தினம் தினம் கூப்பிடுகிற மனுஷன் ஆச்சே! அன்று சாயங்காலம், வீடே அழுதுகொண்டிருந்தபோது, அண்ணாவின் போனை எடுத்து அந்த மூன்று அழைப்புகளையும் சத்தமில்லாமல் அழித்தான். இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மன்னி விஜயம் அன்று சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். "நான் ஆத்துல இருந்திருந்தா அவர் பொழைச்சிருப்பார்" என்று ஆறு வருஷமாகத் தன்னையே நொந்துகொள்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டே அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போவான் இவன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

ராமைச் செருகி, சுவிட்சைப் போட்டான். பழைய பெட்டி வழக்கம்போல ஒருமுறை 'பீப்' என்றது. திரை வெளுத்தது.

"சித்தப்பா, இது அப்பா போன டேட் அல்லே?" என்றாள் பக்கத்தில் நின்ற மாளவிகா.

திரையின் மூலையில் 2019 செப்டம்பர் 19. மூன்று பதினேழு. முதல் அழைப்பு வந்த நிமிஷம்.

"பாட்டரி செத்தா தேதி மாறிப்போகும்மா" என்றான். பாட்டரி செத்தால் கம்ப்யூட்டர் தான் பிறந்த வருஷத்துக்குப் போகும். அதில் வேலை செய்தவர் செத்த நாளுக்குப் போகாது.

பாட்டரியை மாற்றினான். தேதியைத் திருத்தி, மறுபடி போட்டான்.

மூன்று பதினேழு.

டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினான். அழிப்பதில்தான் அவன் கெட்டிக்காரனாயிற்றே. வெளியே மழை கொட்டித் தீர்த்தது. ஒரு மணி நேரத்தில் புத்தம்புதுத் திரை வந்தது.

மூன்று பதினேழு.

விபூதி வாசனை இப்போது அவன் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நிறுத்தும்மா. பிளக்கைப் பிடுங்கு!"

மாளவிகா பிடுங்குவதற்குள், காபி டம்ளரோடு வந்த மன்னி திரையில் அந்தத் தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டாள். திரை அணைந்தும் அவள் நகரவில்லை.

"மூணு பதினேழு" என்று முணுமுணுத்தாள். "அப்போ நான் வெண்டைக்கா பொறுக்கிண்டிருந்தேன். இங்க அவர் தனியா... நான் மகாபாவி."

அவளைப் பார்க்க அவனால் முடியவில்லை. கூச்சத்தில் உடம்பே குறுகிப்போயிற்று.

"மன்னி, நீங்க இல்லை. அண்ணா என்னைக் கூப்பிட்டார். நான்தான் எடுக்கலை."

மழைச் சத்தத்தில் அவள் குரல் கேட்கவே இல்லை, உதடுதான் அசைந்தது.

"எத்தனை தடவை?"

இப்போதாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் நாக்கு பொய்க்குப் பழக்கப்பட்ட நாக்கு.

"ஒரு தடவைதான், மன்னி."

திறந்து கிடந்த பெட்டியிலிருந்து சத்தம் வந்தது.

பீப்.

மாளவிகா தன் கையிலிருந்த பிளக்கைக் குனிந்து பார்த்தாள்.

பீப்.

வெங்கிடேஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பீப்.

அதற்குமேல் சத்தம் இல்லை. மன்னி டம்ளரை மேஜைமேல் வைத்தாள். அந்தப் பெட்டியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தாள்.

"இப்போ சொல்லு வெங்கிடேஷ்" என்றாள். "எத்தனை தடவை?"