கட்டைவிரல் நாடி

மானிட்டரில் கோடு நேராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தம்பியின் மணிக்கட்டில் நாடி துடித்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் அவள்தான் மூத்த நர்ஸ். லாரியில் மோதிக் கிடந்த தம்பியை அவள் பொறுப்பிலிருந்த கட்டிலிலேயே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மருந்து ஏற்றி, மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தியும் நின்ற இதயம் திரும்பவில்லை.

"போதும் சிஸ்டர். விட்டுடுங்க," என்றார் டாக்டர்.

"நாடி இருக்கு டாக்டர். தொட்டுப் பாருங்க."

டாக்டர் தம்பியின் கழுத்தில் விரல் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"கட்டைவிரலை எடுங்க சிஸ்டர்."

அவளுக்குச் சுருக்கென்றது. கட்டைவிரலில் துடிப்பது நம்முடைய நாடி. அதை வைத்துப் பார்த்தால் சுவருக்குக்கூட உயிர் இருக்கும் என்று பயிற்சிக்கு வரும் பெண்களைக் கிண்டலடித்தே விரட்டுபவள் அவள்.

எல்லோரும் போனார்கள். திரைச்சீலைக்குள் ஸ்பிரிட் வாடையும் ரத்த வாடையும் கலந்து தொண்டையில் ஒட்ட, மூடாமல் விட்ட ஆக்சிஜன் குழாய் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல் சீறிக்கொண்டே இருந்தது. அவளால் அந்தக் கையை விட முடியவில்லை.

"குட்டி, அக்காவோட நாடியை எடுத்துக்கடா. எழுந்திரு, போதும்."

கட்டைவிரலை எடுத்துவிட்டு இரண்டு விரல்களை முறைப்படி வைத்தாள்.

துடித்தது.

மானிட்டரில் கோடு ஒருமுறை துள்ளியது. மறுபடியும். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

தன் நாடியோ என்ற சந்தேகம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கையைத் தன் கழுத்தில் வைத்தாள்.

இல்லை.

விரலை நகர்த்தினாள். அழுத்தினாள்.

இல்லை.

முழங்கால் மடங்கியது. தரை சில்லென்றிருந்தது. பிறகு அந்தக் குளிரும் தெரியவில்லை. கண் மட்டும் மூடவில்லை.

கட்டிலிலிருந்து ஒரு கை தொங்கி, அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. திரைச்சீலை விலகியது. டாக்டர் மண்டியிட்டு அவள் கழுத்தில் விரல் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"நாடி இருக்கு டாக்டர்," தம்பி விம்மினான். "அக்காவுக்கு நாடி இருக்கு. தொட்டுப் பாருங்க."

டாக்டர் அவன் கையைப் பார்த்தார்.

அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டின் மேல், அழுந்தப் பதிந்திருந்தது அவன் கட்டைவிரல்.