ஏழாவது மூட்டை

1951 நவம்பர் 15, வியாழக்கிழமை. ஓஹையோ மாநிலம், ஹாலோவே கல்லூரி. காலை ஏழு மணிக்கு விளையாட்டுக் கூடத்தின் கண்ணாடிப் பெட்டியில் பித்தளை மணி இல்லை.

எட்டரைக்கு, கூடத்தைக் காத்து அணியின் துணிகளையும் துவைக்கும் ஓட்டிஸ் ப்ரூயிட் தொப்பியைக் கையில் பிடித்தபடி புதிர்களை அவிழ்ப்பதில் பேர்பெற்ற நிலவியல் பேராசிரியை லீனா ஹால்வர்சனின் அறைக்கு வந்தார்.

"பின்கதவ நான் பூட்டிட்டுத்தாம்மா போனேன். காலைல பாத்தா திறந்து கெடக்கு. பூட்டு உடையல. அதனால நாந்தான் மறந்துட்டேன்னு காலேஜ் தலைவர் சொல்றாரு. சனிக்கிழமை ஆட்டம் தொடங்குறதுக்குள்ள மணி வரலன்னா இருபத்திரண்டு வருஷ வேலை போச்சு."

ஸ்டான்டிஷ் கல்லூரியோடு நடக்கும் பருவத்தின் கடைசி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் வெல்பவர்கள் ஓராண்டு வைத்துக்கொள்ளும் பித்தளை மணி அது. ஹாலோவே அணி அந்தப் பருவத்தில் எட்டு ஆட்டங்கள் ஆடி எட்டையும் வென்றிருந்தது. மிச்சம் சனிக்கிழமை மட்டும்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த, கணிதம் கற்பிக்கும் பார்னி க்ரப். ஆட்டம் என்றால் வகுப்பையே மறந்துவிடும் மனிதர். "பெட்டி முழுக்க ஊதாப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கானுங்க. ஊதா யாரோட நிறம்? ஸ்டான்டிஷ்! கார எடுக்கவா லீனா?"

"மொதல்ல தரையப் பாப்போம்."

கூடத்தின் நடுவே தரையில் பித்தளையில் பதித்த மான் சின்னம். அதை மிதித்தால் அந்தப் பருவம் அணி தோற்கும் என்பது ஹாலோவேயில் எல்லோருக்கும் தெரியும். தலைவரே ஓரமாகத்தான் நடப்பார். காய்ந்த சேற்றுத் தடங்கள் பின்கதவிலிருந்து பெட்டிவரை போய்த் திரும்பியிருந்தன. லீனா குனிந்து அவற்றை நிதானமாகப் பார்த்தார்.

"ஆணி வெச்ச ஆட்டக்காரன் பூட்ஸ் இல்ல. சாதாரண ஷூ," என்று மட்டும் சொல்லிவிட்டு மைதானத்துக்கு நடந்தார்.

பயிற்சியாளர் மைலோ கட்டர் இரைந்துகொண்டிருந்தார். "உங்க வீட்டுக்குள்ள புகுந்து எடுத்துட்டுப் போயிருக்கான்! நேத்து வரைக்கும் தூங்கி வழிஞ்சீங்களே, இப்பவாவது ரோஷம் வருதா?" வந்திருந்தது. பையன்கள் உறுமிக்கொண்டு மோதினார்கள்.

மோதிப் பழக வைக்கோல் திணித்த கான்வாஸ் மூட்டைகள் ஏழு தொங்கின. ஸ்டான்டிஷ் வாரத்தில் அவற்றுக்கு ஊதா அடிப்பது கட்டரின் வழக்கம். தன் கையால்தான் அடிப்பார்; வேறு யாரையும் தூரிகை தொட விடமாட்டார். ஆறு மூட்டைகள் முழு ஊதா. ஏழாவது இடுப்புவரைதான் ஊதா.

ஓரத்தில் ஸ்டான் கோவால்சிக் என்ற நூறு கிலோ பையன் தோளில் ஐஸ் கட்டி வைத்து உட்கார்ந்திருந்தான்.

"யாருப்பா உன்னை அடிச்சது?" என்றார் பார்னி.

"அந்தக் கடைசி மூட்டை சார். அதத் தொடாதீங்க, தையல் பிரிஞ்சிருக்குன்னு கோச் சொன்னாரு. வேகத்துல மறந்துட்டேன்."

"வைக்கோல் அடிச்சு வீங்கின மொத ஆளு நீதான்டா!" என்று ஒருவன் கத்த, மைதானமே சிரித்தது.

லீனா சிரிக்கவில்லை. ஓட்டிஸையும் தலைவரையும் அழைத்துவரச் சொன்னார். அவர்கள் வந்ததும் அணியைச் சுற்றி நிற்க வைத்தார்.

"ஸ்டான்டிஷ் பையன் ஒருத்தன் நம்ம கூடத்துக்குள்ள வந்தா மான் சின்னத்த என்ன செய்வான்?"

"மேல ஏறி ஆடுவான்!" என்றார் பார்னி.

"இந்தத் திருடன் ஆடல. போறப்பவும் வர்றப்பவும் மூணடி வளைஞ்சு, அதச் சுத்தி நடந்திருக்கான். நாமளும் தினம் அப்படித்தான் நடக்கிறோம். அதனாலதான் யார் கண்ணுலயும் படல. எதிரி மாதிரி நடிக்க வந்தவனுக்கும் மிதிக்க மனசு வரல. திருடன் நம்ம ஆளு. பூட்டு உடையாததால சாவி உள்ள ஆளு. ஓட்டிஸ், சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டம்மா... அப்புறம் கோச்சுகிட்ட."

"ஓட்டிஸ்கிட்ட ஊதாப் பெயின்ட் கிடையாது. கோச்கிட்ட இருந்தது, ஆனா ஏழாவது மூட்டைக்குப் பத்தல. மீதி கண்ணாடிப் பெட்டி மேல இருக்கு. பார்னி, அந்தத் தையலப் பிரிங்க."

வைக்கோலுக்கு நடுவே மணி இருந்தது. சத்தம் வராதபடி அதன் நாக்கில் ஒரு காலுறை சுற்றியிருந்தது.

கட்டர் முகம் சிவந்துபோய் நின்றார். "எட்டு ஜெயிச்சதும் பசங்களுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு. கொஞ்சம் சூடேத்தலாம்னு பாத்தேன். சனிக்கிழமை நானே கொண்டாந்து வெச்சிருப்பேன். ஓட்டிஸ், சத்தியமா உன் வேலைக்கு வினையாகும்னு நினைக்கலப்பா."

"இருபத்திரண்டு வருஷமா உங்க சாக்ஸத் தொவைக்கிறேன், கோச்," என்றார் ஓட்டிஸ். "அதயே மணிக்குச் சுத்தி வெச்சிருக்கீங்க."

ஸ்டான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். தலைவர் மட்டும் சற்றுத் தாமதமாக, ஓட்டிஸின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தண்டனை நாங்க சொல்றோம்!" என்றான் ஸ்டான். "சனிக்கிழமைக்குள்ள கோச் ஏழாவது மூட்டைக்குப் பெயின்ட் அடிச்சு முடிக்கணும். ஜெயிச்சா மணிய ஓட்டிஸ் அடிக்கணும்."

சனிக்கிழமை ஹாலோவே 21, ஸ்டான்டிஷ் 20. மணியை ஓட்டிஸ் ப்ரூயிட் மூன்று முறை அடித்தார். அவர் 1966இல் ஓய்வு பெற்றார்.