நாலு மணிக் கோப்பை

மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, லூர்து தன் செத்துப்போன மனைவியிடம் அனுமதி கேட்கப் போனான். கூடத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டச் சல்லடை இருந்தது. அதன்முன் குனிந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டான். அவள் உயிரோடிருந்த காலத்தில் அவளிடம் பேச அவன் ஒருநாளும் தொண்டையைச் செருமியதில்லை.

"பிரகாசி, பிள்ளைக்குக் கொஞ்சம் ஆரஞ்சு ஜூஸ் கொடுக்கட்டா? தண்ணியில கலந்துதான். ரெண்டே கரண்டி."

"வேண்டாங்க," என்றது சுவர். அவளுடைய குரலேதான். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து விடுகிற பழக்கம்கூட அப்படியே இருந்தது. "மூணு வயசு முடியட்டும். பழத்தைக் கடிச்சுத் திங்கட்டும், குடிச்சுப் பழக வேண்டாம்."

இப்படி அவன் கேட்பது இது பதினோராவது முறை. பதினோரு முறையும் இதே பதில்தான்.

இதைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்க வேண்டியதில்லை. பனிக்குடியில் இது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். வியாழனைச் சுற்றும் காலிஸ்டோ நிலவில், பனிப்பாறையைக் குடைந்து கட்டிய ஊர் அது. தூத்துக்குடிக் கரையிலிருந்து பனி வெட்டப் போனவர்களின் மூன்றாம் தலைமுறை அங்கே இருந்தது. வந்த புதிதில் விபத்துச் சாவுகள் அதிகம். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று தெரியாமல் ஒற்றை ஆளாகத் தவித்தவர்கள் அதைவிட அதிகம். அதற்காக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வயது வந்த ஒவ்வொருவரும் வருடம் ஒருமுறை பதிவு மண்டபத்தில் உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தப் பதில்களையும் குரலையும் சேர்த்து ஒரு நிழற்குரல் செய்து, அவரவர் வீட்டுச் சுவரில் ஏற்றிவிடுவார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் விஷயத்தில் தாய் தகப்பன் இருவரும் இசைய வேண்டும் என்று சட்டம். இருவரில் ஒருவர் நிழலாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான். உணவுக்கூடத்துக் குழாய்களில் இதற்கென்றே இசைவுப்பூட்டு வைத்திருந்தார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கோப்பையை நீட்டினால், இரண்டு சம்மதமும் வந்து சேராமல் ஒரு சொட்டு விழாது.

லூர்துவின் பிள்ளைக்குப் பெயர் ஜெனோவா. இரண்டு வயது. பம்பு நிலையத்தில் காற்றுக்கதவு பிளந்து பிரகாசி போய் நாலு மாதமாகிறது. அன்றிலிருந்து பிள்ளை தண்ணீரைத் தொடவில்லை. உருக்கி வடித்த பனித்தண்ணீரில் எப்போதும் லேசாக ஒரு இரும்பு வாடை உண்டு. பெரியவர்களுக்கு அது பழகிப்போனது. ஜெனோ வாயில் வாங்கி, அப்படியே சட்டையில் வழியவிட்டாள். கஞ்சியில் இருக்கிற ஈரத்தில்தான் அவள் உடம்பு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலையில்தான் செவிலி சலேத் அக்கா பிள்ளையைத் தூக்கி எடைபோட்டுவிட்டு முகம் கறுத்தாள்.

"லூர்து, உள்ளதைச் சொல்லுதேன். உதடு வெடிச்சுக் கெடக்கு, மூத்திரம் மஞ்சளாப் போகுது. இன்னும் மூணு நாளு பாப்பேன். அதுக்கும் மேல தாங்காது. மருத்துவக்கூடத்துக்குக் கொண்டுபோய் மூக்கு வழியா குழாய் போட்டிருவாவ."

"என்னதான்க்கா செய்யட்டும்? பழம் கொடுத்தாலும் துப்பிருதா. நானும் விதவிதமாக் கொடுத்துப் பாத்துட்டேன். தண்ணியே குடிக்க மாட்டேங்கா."

"கொஞ்சம் ஜூஸ் கலந்து கொடு. ருசி தெரிஞ்சா தண்ணி தானா உள்ள போவும். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அதனால ஒண்ணும் ஆயிராது."

"அவ வேண்டாங்கா."

யார் என்று சலேத் அக்கா கேட்கவில்லை. சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள்.

லூர்துவுக்குக் குழாய் என்ற சொல்லைக் கேட்கவே பயமாக இருந்தது. ஆனால் பிரகாசியின் பேச்சை மீறுவதை நினைத்தாலும் பயமாக இருந்தது. உயிரோடிருக்கிறவளிடம் சண்டை போடலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம், பிறகு சமாதானமாகலாம். செத்தவளிடம் எப்படிச் சண்டை போடுவது? பிள்ளையைப் பற்றி அவள் விட்டுப்போனது அந்தச் சில வார்த்தைகள்தான். அதையும் மிதித்துவிட்டு அவள் குரலுக்கு முன்னால் எப்படி நடமாடுவது?

அதைவிடக் கொடுமை ஒன்று நாள்தோறும் நாலு மணிக்கு நடந்தது.

நாலு மணிக்கு வேலைமுறை மாறும் சங்கு ஊதும். ஊதியதும் ஜெனோ எங்கே இருந்தாலும் எழுந்துவிடுவாள். கட்டிலுக்கு அடியிலிருந்து தன் நீல மூடிக் கோப்பையை இழுத்து எடுத்துக்கொண்டு, தத்தித் தத்திச் சுவருக்குப் போவாள். கோப்பையால் சல்லடையை மூன்று தட்டுத் தட்டுவாள்.

"ம்மா. தா."

"ஜெனோக் கண்ணு, என்னம்மா வேணும்?" என்று சுவர் கேட்கும்.

பிள்ளை கோப்பையைச் சல்லடைக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். சுவருக்குக் கண் கிடையாது. "என்ன வேணும், சொல்லு தங்கம்," என்று அது மறுபடி கேட்கும். கை வலிக்கும்வரை பிள்ளை கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். லூர்து ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினால் தட்டிவிடுவாள்.

முன்பெல்லாம் நாலு மணிக்கு அவன் பனிவெட்டுத் தளத்தில் இருப்பான். வீடு திரும்ப ஆறாகிவிடும். பிரகாசிதான் பம்பு நிலையத்திலிருந்து நாலுக்குள் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். அவள் போன பிறகு அவனுக்கு அரைமுறை வேலை கொடுத்திருந்தார்கள். அதனால் இந்த நாலு மணியை அவன் நாலு மாதமாகத்தான் பார்க்கிறான். அம்மாவைத் தா என்று பிள்ளை கேட்கிறாள் என்று நினைத்து, சில நாள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். அழுது முடித்துத் திரும்பி வரும்போதும் அவள் அங்கேயே நிற்பாள்.

அன்று மதியம், பதினோராவது முறையும் மறுப்பு வந்தபின், அவன் சுவரைவிட்டு நகரவில்லை.

"குழாய் போட்டிருவாங்களாம், பிரகாசி. மூக்கு வழியா. நம்ம பிள்ளைக்கு. அப்பவும் வேண்டாங்கியா?"

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது," என்றது சுவர். "ஆனா நான் இதை நல்லா யோசிச்சுத்தான் சொல்லியிருக்கேன். பழத்தைக் கடிச்சுத் திங்கட்டும்."

பிரகாசி எதையும் இப்படி ஆற அமரச் சொன்னதாக அவனுக்கு ஞாபகமே இல்லை. செத்த பிறகு மனிதர்களுக்குப் பொறுமை வந்துவிடும் போலும். பிள்ளையைத் தூங்கவைத்து, எதிர்வீட்டுக்காரியைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு அவன் உணவுக்கூடத்துக்கு நடந்தான். நிழலின் இசைவு இல்லாமல் பூட்டைத் திறக்க அவசர வழி ஏதும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

உணவுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற மிக்கேல் மேசையைத் துடைத்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார். கடைசியில் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெசமாவே சுவர்கிட்ட கேட்டுக்கிட்டா இருக்கே? பதினோரு தடவையா?"

"பன்னிரண்டு, அண்ணே. இப்ப ஒரு தடவை கேட்டுட்டுத்தான் வாரேன்."

"ஏம்ப்பா, பெரிய ஆளு கோப்பைக்குப் பூட்டு கெடையாதுல்லா. உன் பேரச் சொல்லிப் பிடிச்சிட்டுப் போயேன்."

"அது எப்பிடிண்ணே? எனக்குன்னு பிடிச்சிட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தா, அவளை ஏமாத்துன மாதிரில்லா."

மிக்கேல் சிரிக்கவில்லை. அவனை இழுத்துக்கொண்டுபோய்ப் பழச்சாற்றுக் குழாயின் பக்கத்துத் திரையைக் காட்டினார். "இந்த ஊர்ல பெரியவங்க எவன் ஜூஸ் குடிக்கான்? ஒருத்தனும் கெடையாது. ஆனா நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி பாரு, நாப்பது அம்பது பேரு தன் பேரச் சொல்லிப் பிடிச்சிட்டுப் போறான். எல்லாம் யாருக்குன்னு நெனைக்கே?"

ஊரிலேயே அந்தப் பூட்டை நம்பிய ஒரே ஆள் லூர்துதான். சர்க்கரை போடாத காபிதான் குடிக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்து இரண்டு கரண்டி போட்டுக்கொள்கிறவர்கள்தானே நாமும். அவர்களும் அப்படித்தான். பூமியை விட்டு எத்தனையோ கோடி மைல் தள்ளிப் போனாலும் அந்தப் பழக்கத்தை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டிக் கொண்டுபோயிருந்தார்கள்.

மிக்கேல் ஒரு பெயரை அழுத்திவிட்டு விலகி நின்றார். திரையில் பிரகாசியின் பெயர் வந்தது. ஆரஞ்சுச் சாறு, பெரியவர், ஒரு கோப்பை, பிற்பகல் மணி மூன்று ஐம்பது. அதற்குக் கீழேயும் அதே. விரலால் தள்ளத் தள்ள அதே. எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவிர நாள் தப்பாமல். கடைசி வரி அவள் செத்ததற்கு முந்தின நாள்.

பிரகாசிக்குப் புளிப்பு ஆகாது. ஒரு வாய் ஆரஞ்சு போனாலும் நெஞ்சு எரியும் அவளுக்கு.

லூர்து திரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தன் பெயரைச் சொல்லி ஒரு கோப்பை பிடித்தான். குரல் நடுங்கியதால் குழாய் இரண்டாம் முறை கேட்டுத்தான் ஊற்றியது.

அவன் வீட்டுக்குள் நுழையவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. எதிர்வீட்டுக்காரி கிளம்பிப் போனாள். ஜெனோ விழித்து, கோப்பையை இழுத்துக்கொண்டு சுவருக்குப் போய்விட்டாள். மூன்று தட்டு. ம்மா. தா.

"பிரகாசி," என்றான் லூர்து, "நீ இவளுக்குத் தினமும் ஜூஸ் கொடுத்தியா?"

"இல்லையே. நான் கொடுக்கவே மாட்டேன்."

அது பொய் சொல்லவில்லை. கேள்விக்கு அவள் சொன்ன பதில் மட்டும்தான் அதற்குத் தெரியும். லூர்து தரையில் உட்கார்ந்து நீல மூடியைத் திருகித் திறந்து, கொஞ்சம் தண்ணீரும் நிறையச் சாறுமாக ஊற்றி நீட்டினான். பிள்ளை முகர்ந்து பார்த்தாள். இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, மூச்சு விடாமல், கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நாலு மாதத்துத் தாகத்தையும் குடித்தாள்.

குடித்து முடித்ததும் வாசல் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆட்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்து, "உஷ்," என்றாள்.

அந்த வாசல் வழியாக ஆறு மணிக்கு வருகிறவன் அவன்தான். அவனுக்குத் தெரியக் கூடாதென்றுதான் தாயும் மகளும் இந்த விரலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் முடிந்த வாரம். பதிவு மண்டபத்தில் பிரகாசி உட்கார்ந்திருந்தாள். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களை ஜோடியாகத்தான் உட்காரவைப்பார்கள். பழச்சாற்றுக் கேள்வி வந்ததும் அவள் என்ன சொல்வதென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எங்கேயோ கேட்டுவந்த ஒன்றை ரொம்பத் தெரிந்தவன் மாதிரி எடுத்துவிட்டான். மூணு வயசு முடியட்டும், பழத்தைக் கடிச்சுத் திங்கட்டும், குடிச்சுப் பழக வேண்டாம். அவள் தலையாட்டிவிட்டு அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். நாலு மாதமாக அவன் தன் வாயிலிருந்து போன வார்த்தையிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான்.

"உன்னைத்தான் தேடுதேன் பிரகாசி," என்றான் அவன். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. களவாக ஜூஸ் வாங்கி வந்தவளை, அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தவளை யாரும் எதிலும் பதிந்து வைத்திருக்கவில்லை. பிள்ளையின் விரல் ஒன்றில்தான் அவள் மிச்சமிருந்தாள்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது," என்றது சுவர்.

மூன்றாம் நாள் சலேத் அக்கா எடைபோட்டுப் பார்த்துவிட்டு, குழாய் வேண்டாம் என்று எழுதினாள். பிள்ளை தெளிந்துவிட்டாள். தண்ணீரில் சாறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நாலு மணிக்குச் சுவரைத் தட்டுவது நின்றுபோனது. இப்போதெல்லாம் அவள் நேரே அப்பாவிடம் கோப்பையை நீட்டினாள். யாரும் கேட்காததால் சுவரும் நாலு மணிக்குப் பேசுவதில்லை.

அடுத்த மாதம் அவனுடைய ஆண்டுப் பதிவு வந்தது. இந்த முறை உண்மையை மட்டும்தான் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டு போனான். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஜெனோவுக்குச் சுவரில் மிஞ்சப்போவது இந்தப் பதில்கள்தான். தான் இருந்தபடியே இருக்க வேண்டும். கோபக்காரன், அழுகிறவன், நாலு மணிக்கு ஜூஸ் கொடுக்கிறவன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் கையில் நீலக் கோப்பை, அடியில் இன்னும் ரெண்டு மடக்கு மிச்சம். பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

முதல் நானூறு கேள்விகள் வரை தீர்மானம் தாங்கியது. அதற்குப் பிறகு பதிவுக்கருவி, குரலை மாற்றாமல் கேட்டது: "மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பழச்சாறு கொடுப்பீர்களா?"

லூர்து வாயைத் திறந்தான். பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். என்றோ ஒருநாள் வளர்ந்த பெண்ணாக ஜெனோ அந்தச் சுவர்முன் நின்று கேட்கப்போவது அவனுக்குத் தோன்றியது. அவளிடம் ஒரு நல்ல தகப்பனாகப் பேச வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"கொடுக்க மாட்டேன்," என்றான். "பழத்தைக் கடிச்சுத் திங்கட்டும்."

"பதிவாகிவிட்டது," என்றது கருவி.

ஜெனோ கோப்பையிலிருந்து வாயை எடுத்து, அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பிசுபிசுத்த விரலைத் தூக்கி அவன் உதட்டின்மேல் வைத்தாள்.