முந்நூற்றுப் பன்னிரண்டாம் சீட்டு

செவ்வாயின் நான்காம் குமிழியில் எந்தச் சுவரிலும் பொத்தான் கிடையாது. விளக்கோ விசிறியோ கதவோ, எது வேண்டுமானாலும் சுவரிடம் சொன்னால் போதும். கேட்ட இடத்திலேயே அது ஒரு பொத்தானை வரைந்து தரும்; வேலை முடிந்ததும் அழித்துவிடும். பிள்ளைகள் நோண்டவும் வழியில்லை.

சுவருக்குள் ஓடிய அறிவு நூறு இழைகளாகப் பிரிந்து வேலை பார்த்தது. தொண்ணூற்றொன்பது துணையிழைகள் ஜனங்களின் கோரிக்கைகளைக் கேட்டுக்கொள்ளும். வரையும் உரிமை மட்டும் தலையிழை ஒன்றுக்குத்தான். மற்றவை சீட்டெழுதி அதன் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஒரே புள்ளியில் இரண்டு பேர் கோலம் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

பேருந்து வாசலின் பொறுப்பாளர் இசக்கியப்பன் இந்த விதியில் மகா கறார். "சீட்டுப் போட்டாச்சுல்லா? சும்மா நில்லும்" என்று ஊரையே அதட்டுகிறவர். அன்று புழுதிப் புயலில் வழி தவறிச் சுற்றிய பேருந்து ஒன்று வெளியே வந்து நின்றது. உள்ளே பதினொரு பேர். மிச்சம் பன்னிரண்டு நிமிடக் காற்று. வாசல் கதவைக் குமிழிக்குள்ளிருந்துதான் திறக்க முடியும். பதினொரு பேரில் ஒருத்தி அவர் மனைவி முத்தழகி.

"கதவுக்குப் பொத்தான் போடுலே!" என்றார் சுவரிடம்.

"சீட்டுப் போட்டாச்சு அண்ணாச்சி" என்றது துணையிழை. "வரிசையில முந்நூத்திப் பன்னிரண்டு."

முந்நூற்றுப் பன்னிரண்டா! வேலை விடும் நேரம். குமிழியே விசிறிக்கும் வெந்நீருக்கும் பொத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு புண்ணியவானுக்கு விளக்குப் பொத்தான் கிளிப்பச்சையில் வேண்டுமாம். இசக்கியப்பன் மனிதர்களின் வரிசையில் நின்றே தலை நரைத்தவர். முந்நூறு பேர் என்றால் அவர் கணக்கில் அரை நாள்.

இடுப்பில் பழுதுபார்க்கும் சாவி இருந்தது. அதைத் திருகினால் எந்த இழையையும் நேரடியாக வேலை வாங்கலாம்.

"நீயே வரைஞ்சு போடு. தலையிழைக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

"அது தப்பு அண்ணாச்சி. இன்னும் ரெண்டே..."

அவர் திருகிவிட்டார். துணையிழை வரையத் தொடங்கியது. அந்நேரம் பார்த்துத் தலையிழையும் அதே சீட்டை எடுத்து அதே இடத்தில் வரைந்தது. பாதிப் பொத்தான்மேல் பாதிப் பொத்தான் ஏறிக்கொண்டது. சுவர் ஒருமுறை துடித்து வெளுத்துப்போனது. துணையிழையின் பேச்சு மட்டும்தான் மிஞ்சியது.

"என்னலே ஆச்சு?"

"ரெண்டு பேரும் ஒண்ணா வரைஞ்சிட்டோம். சுவரு திரும்ப எந்திரிக்கப் பத்து நிமிசம் ஆகும்."

பேருந்திலிருந்து முத்தழகியின் குரல் வானொலியில் வந்தது. "என்னங்க, காத்து குறையுதுன்னு சிவப்பு விளக்கு எரியுது. கதவை ஏன் தொறக்கல?"

"மெஷின் கோளாறும்மா" என்றார். சொல்ல வாய் கூசவில்லை. சுவர் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார். "வரிசையிலயே விட்டிருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"மொத்தமே அரை நிமிசம். சொல்ல வந்தேன், நீங்க திருகிட்டிய."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்தார்.

ஒருவழியாகச் சுவர் விழித்தது. இந்தமுறை சீட்டுப் போட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பொத்தான் வந்தது, கதவு திறந்தது, குமிழியின் காற்று பேருந்துக்குள் பாய்ந்தது. இனி ஆபத்தில்லை, விடியும்வரைகூட ஒவ்வொருவராக இறங்கி வரலாம்.

ஓர் ஆள் நுழையும் அந்த வாசலுக்குப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். நாலு தலைக்கவசங்கள் கதவு நிலையில் மாட்டிக்கொண்டன. "முத்தழகி!" என்று கத்திக்கொண்டே இந்தப் பக்கமிருந்து இசக்கியப்பனும் உள்ளே முட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி இருக்கையில் உட்கார்ந்தபடியே அவள் சத்தம் போட்டாள்.

"என்னங்க, நீங்க செத்த தள்ளி நின்னாத்தான் யாராச்சும் வெளிய வர முடியும்!"