தெய்வத்திரு

'தன' என்று இரண்டெழுத்துதான் அடித்தாள் ஹேமலதா. திரையில் தேடல் பெட்டியின் கீழே பட்டியல் விரிந்தது. திரு. தனசேகரன். திரு. தனபால். மூன்றாவதாக, தெய்வத்திரு. தனகோடி.

தனகோடி அவள் அப்பா. உயிரோடு இருப்பவர்.

ஆரணிக்குப் பட்டு எடுக்க வருபவர்கள் அப்படியே கல்யாணப் பத்திரிகையும் அடித்துக்கொண்டு போகிற அச்சகம் அது. "ரெண்டெழுத்து தட்டினா மீதிய அதுவே ஜல்தியா சொல்லணும்மா, என் விரலே தேஞ்சிபோச்சு" என்று முதலாளி சந்திரமோகன் கேட்டதால் இந்தப் பெட்டிக்கு நிரல் எழுதினாள். எல்லாப் பெயரும் 'திரு'வில் தொடங்குவதால், தேடும்போது அதை ஒதுக்கச் சொல்லியிருந்தாள். சோதனைக்குத் தன் பத்திரிகையையே எடுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை தேவிகாபுரம் சுதாகர். வேறு சாதி. நாலு மாதம் முன்பு, "நான் செத்துட்டேன்னு பத்திரிகையில போட்டுக்கோ!" என்று தெருவே கேட்க அப்பா கத்தினார். அன்று ஹாஸ்டலுக்கு வந்தவள்தான். இருந்தும் கல்யாணத்துக்கு வந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

சேமித்த பெயர்களைத் திறந்தாள். 'திரு. தனகோடி' என்றே இருந்தது. தெய்வத்திரு என்ற சொல் அவள் எழுதியதில் எங்குமே இல்லை.

சந்திரமோகன் வந்தவாசிக்குப் போயிருந்தார். மை நெடியும் மஞ்சள் தடவிய அட்டைகளின் வாசனையும் கலந்து மூச்சை அடைக்க, பக்கத்துக் கட்டடத்து விசைத்தறியின் சத்தம் சுவர் வழியே பல்லுக்குள் இறங்க, சாயங்கால வெளிச்சம் மேசையை விட்டு மெல்ல நகர்ந்தது. மறுபடி ஓட்டினாள். மற்ற பெயர்கள் மறைந்திருந்தன.

ஒரே வரி. தெய்வத்திரு. தனகோடி.

கதவு திறந்தது.

"இன்னாம்மா, என் பேர எழுதிட்டியா?"

அப்பா.

"வந்துட்டியாப்பா!" அழுகை முட்டியது.

"பெத்தவன் பேர் இல்லாம பத்திரிகையா?" நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவசரமாக 'திரு. தனகோடி' என்று முழுசாக அடித்தாள். பெட்டி அதைத் 'தெய்வத்திரு' என்று மாற்றியது. அழித்தாள். அடித்தாள். மாற்றியது. உள்ளங்கையால் திரையை மறைத்தாள்.

"சரியாதானே போட்டுகினு இருக்குது? ஏன் அழிச்சிகினே இருக்கற?"

போன் அதிர்ந்தது. அம்மா.

"எடுக்காத. அவ அழுதுகினு இருப்பா. நீ அச்சுக்கு அனுப்பு."

போன் மேல் கையை வைத்தார்.

போன் அதிர்ந்தது. மேசை அதிர்ந்தது. அந்த விரல்கள் அசையவில்லை.