கதவின் கீழ்ப்பக்கம்

மார்பைச் சுற்றி ஒரு குழாய், வயிற்றைச் சுற்றி ஒரு குழாய். மூச்சு ஒன்றுதான் என்பதால் திரையில் அவற்றின் இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். ஆர்லன் லாஹ்திக்கு மட்டும் கீழ்க்கோடு பின்தங்கியது. மேலே இரண்டு மூச்சு போவதற்குள் கீழே ஒன்றுதான் போயிற்று.

க்வென் ஹாக்லண்ட் வயிற்றுக் குழாயை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டினாள். மாநிலக் காவல்துறையில் இருபத்தாறு வருடம் துப்பறிந்து ஓய்வு பெற்றவள். இப்போது மாவட்டக் காவல் பார்க்கும் ஷெரீஃப் அலுவலகங்களில் வேலைக்கு வருகிறவர்களைப் பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்துப் பார்ப்பது அவள் பிழைப்பு. வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய்.

“மத்தியானம் என்ன சாப்ட்ட, கண்ணு?”

“எதுவும் எறங்கல, மேடம்.”

“அதான் வயிறு இழுக்குது. உன்ன இங்க யாரும் கடிச்சித் திங்கப் போறதில்ல. சாதாரணமா மூச்ச விடு.”

அவன் சாதாரணமாகத்தான் விட்டுக்கொண்டிருந்தான். மணி இரண்டு. வெளியே மினசோட்டாவின் ஜனவரி வெயில் பனிமேல் விழுந்து கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருக்கும், ஆனால் இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டிய சுவர்கள் சத்தத்தை விழுங்கின. பூட்ஸிலிருந்து உருகிய பனியின் ஈரநாற்றமும், வெப்பக் காற்று வரும் குழலின் தூசி வாடையும், புதினாவும் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன. டெபுடி என்னும் இந்தக் காவலர் வேலை கிடைக்காவிட்டால் இனி எங்கேயும் கிடைக்காது என்பது ஆர்லனுக்குத் தெரியும். ஒரு மாவட்டத்தில் தோற்றால் அது கோப்பில் ஏறி அடுத்த மாவட்டத்துக்கும் கூடவே வரும். இருபத்தேழு வயது முடிகிறது. பனி வாரும் லாரியை ஓட்டியே காலம் போய்விடும்.

சோதனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. கேட்கப்போகும் பத்துக் கேள்விகளையும் க்வென் முதலிலேயே வாசித்துக் காட்டினாள். இதில் ஒளிவுமறைவே கிடையாது, கருவி போட்ட பிறகு புதிதாக ஒரு கேள்வியும் வராது என்றாள். இப்போது தானாகச் சொன்னால் பெரும்பாலும் மன்னிப்பு உண்டு, பிறகு கருவி சொன்னால் கிடையாது. வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் இதற்காகவே சின்னப் பாவங்களைப் பட்டியல் போட்டு எடுத்து வருவார்கள். சின்னதைக் கொட்டிவிட்டால் பெரியது உள்ளே அமைதியாகக் கிடக்கும் என்று ஒரு கணக்கு. ஆர்லனும் மடித்த தாளோடு வந்திருந்தான். கஞ்சா பதினொரு தடவை. இரும்புக்கடையில் வேலை பார்த்தபோது ஒரு பெட்டி ஆணி. மாமாவின் வேட்டை உரிமச் சீட்டில் சுட்ட மான் ஒன்று.

“மாமா சீட்டுல மான் சுடாதவன் இந்த ஊர்ல எவன்டா இருக்கான்?” என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். “வேற ஏதாச்சும் இருக்கா, கண்ணு? ஏழாவது கேள்வி ஞாபகம் இருக்கில்ல?”

ஏழாவது கேள்வி: உன் விண்ணப்பத்தில் வேண்டுமென்றே எதையாவது மறைத்திருக்கிறாயா?

“இல்ல, மேடம்.”

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் காலையில் சார்ஜென்ட் மாட்டிலா நடைவழியில் தோளில் கை போட்டுச் சொன்னது குறுக்கே நின்றது. பின்னணி விசாரிப்பது மாட்டிலாவின் வேலை. விண்ணப்பதாரன் பெயர் கொடுத்த ஆட்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அது விசாரணையே இல்லை என்பார். கொடுக்காத பெயராக ஒன்றாவது தேடிப்பிடித்துக் கதவைத் தட்டுவார்.

“நீ ஒரு விலாசத்த எழுதாம விட்டுட்ட, தெரியுமா? அந்தச் சுரங்கச் சாலை டிரெய்லர் வீடு. மூணு மாசம் இருந்திருக்க.”

“மறந்துட்டேன் சார்.”

“மறக்காம என்ன பண்ணுவ, பாவம். எனக்குப் புரியுதுப்பா. அதான் அங்க உன்கூட இருந்த டேலோட அம்மாவையே நேரா போய்ப் பாத்தேன். லொரெயின் என்ன சொன்னா தெரியுமா? ஆர்லன் எம்புள்ளைக்குக் கூடப்பொறக்காத தம்பி, அவன் காதுல மட்டும் அன்னிக்கு விழுந்திருந்தா எழுந்து ஓடியிருப்பான், அப்படின்னா. அழுதுட்டா. உன் ஃபைல்லயே அதான்யா பெரிய சாட்சி.”

ஆர்லன் தலையாட்டினான். கூசிப்போய் நின்றான் என்று சொன்னால் போதாது. தோலை உரித்து நடைவழியில் மாட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது.

டேல் பெர்க்விஸ்ட் இறந்து எட்டு வருடம் ஆகிறது. அப்போது இருவரும் பத்தொன்பது வயதுப் பையன்கள், அந்த டிரெய்லர் வீட்டுக்கு ஆளுக்குப் பாதி வாடகை. ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ சொல்லி, ஏதோ பதில் சொல்லி, டேல் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு வெளியே போய்ச் சிகரெட் பிடித்தான். ஆர்லன் உள்தாழ்ப்பாளைப் போட்டான். பத்து நிமிஷம் விறைக்கட்டும், புத்தி வரும். அன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. டேலின் கார்ச் சாவி உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியும். ஆர்லன் பார்த்தான்.

முதலில் டேல் தலை உயரத்தில் தட்டினான், திட்டிக்கொண்டே. பிறகு கைப்பிடி உயரத்தில், திட்டாமல். ஆர்லன் போர்வைக்குள் சூடாக இருந்தான், கோபமாக இருந்தான், எழுந்துபோய்த் திறந்தால் தோற்றதாக ஆகிவிடும் என்று இருந்தான். கடைசியில் தட்டியது கதவின் கீழ்ப்பக்கத்தில். தரைக்கு ஒரு சாண் மேலே. மெதுவாக. நடுவில் நெடுநேரம் விட்டு. அதையும் கேட்டான். அது நின்ற பிறகுதான் தூங்கினான்.

காலையில் வந்த டெபுடி ஆர்லனுக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டார். “எனக்கு எதுவும் கேக்கல சார், தூங்கிட்டேன்” என்றான். “பாவம்டா நீ” என்றார் அவர். அந்தக் கோட்டின் கதகதப்பில்தான் தானும் ஒருநாள் டெபுடி ஆக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. இதை நினைக்கும்போதெல்லாம் தன் முகத்தில் தானே துப்பிக்கொள்ள வேண்டும்போல இருக்கும்.

“ஆரம்பிக்கலாமா?” என்றாள் க்வென். “ரெண்டு பாதமும் தரையில. அசையக்கூடாது. ஆமா, இல்ல, அவ்வளவுதான். மூணு சுத்து, அதே கேள்விங்க.”

கையில் ரத்த அழுத்தப் பட்டை உப்பி இறுகியது. விரல்களில் தகடுகள் சில்லிட்டன. அவள் ஒரே குரலில், ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் நெடுநேரம் விட்டு வாசித்தாள். ஏழாவதற்கு “இல்லை” என்றான். பக்கவாட்டில் இருந்த திரை அவன் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிந்தது. மேல்கோடு படபடத்தது. கீழ்க்கோடு நிதானமாகப் போனது. யாரோ நல்ல தூக்கத்தில் இருப்பதுபோல.

இரண்டாவது சுற்றில் அவன் வேண்டுமென்றே மூச்சை அடக்கிப் பார்த்தான். மேல்கோடு நின்றது. கீழ்க்கோடு நிற்கவில்லை. ஒருமுறை ஏறியது, காத்திருந்தது, இறங்கியது. காத்திருந்தது. வயிற்றைச் சுற்றிய குழாய் தானாக விரிந்து தானாகச் சுருங்குவது அவன் தோலில் உறைத்தது. அதற்கடியில் அவன் வயிறு அசையவே இல்லை.

“மேடம், அந்தக் கீழ்க்கோடு...”

“பேசக்கூடாது கண்ணு.”

மூன்றாவது சுற்றில் கீழ்க்கோடு ஏறுவதற்கு ஒரு கேள்வி நேரம் பிடித்தது. இறங்குவதற்கு இன்னொரு கேள்வி நேரம். குளிரில் உயிர் போகிறவனின் மூச்சு அப்படித்தான் இருக்கும் என்று அவன் எங்கோ வாசித்திருந்தான். வேண்டுமென்றே தேடி வாசித்திருந்தான். ஏழாவது கேள்வி வந்தது. “இல்லை.” கீழ்க்கோடு படுத்துவிட்டது. மறுபடி எழவில்லை.

க்வென் கைப்பட்டையின் காற்றை இறக்கிவிட்டு எழுந்தாள். “சார்ஜென்ட்கிட்ட இந்தக் கோடெல்லாம் காட்டிட்டு வரேன். ஆடாம உக்காரு. எழுந்து ஒயரக் கழட்டுனா சோதனைய நீயே கைவிட்டதா அர்த்தம். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.” கதவு அவள் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டு, கிளிக் என்று பூட்டிக்கொண்டது. அடையாள அட்டை காட்டாமல் வெளியிலிருந்து திறக்காது அது.

அவன் ஆடாமல் உட்கார்ந்தான். வெப்பக் காற்று நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கம்பளச் சுவர்களில் அமைதி அடைத்துக்கொண்டது. புதினா வாடை போய் வேறொன்று வந்தது, சட்டையில் தங்கிய சிகரெட்டும் பனியும்.

கதவு தட்டப்பட்டது.

தலை உயரத்தில். மூன்று தடவை.

க்வென் என்றால் அட்டை வைத்திருக்கிறாள். மாட்டிலாவிடமும் இருக்கிறது. அட்டை இருப்பவர்கள் தட்ட மாட்டார்கள். எழுந்தால் வேலை போச்சு. எல்லாம் போச்சு. அவன் பாதங்களைத் தரையில் அழுத்தினான்.

மறுபடி. கைப்பிடி உயரத்தில்.

“யாரு?” என்றான். 

லொரெயினின் முகம் நினைவில் வந்தது. சவ அடக்கத்தன்று அவன் சட்டைப் பித்தானைத் தானே போட்டுவிட்டாள். எழுந்து ஓடியிருப்பான் என்று சொன்னாளாம். இன்றும் சொல்கிறாளாம்.

நெடுநேரம் எதுவும் இல்லை.

பிறகு கீழ்ப்பக்கத்தில். தரைக்கு ஒரு சாண் மேலே.

ஒன்று.

அவனால் தாங்க முடியவில்லை. பயத்தைக்கூடத் தாங்கினான், வெட்கத்தைத் தாங்க முடியவில்லை. விரல் தகடுகளைப் பிய்த்தான். மார்புக் குழாய். வயிற்றுக் குழாய். போகட்டும், வேலை போகட்டும். “வரேன்டா” என்றான், “இரு, வரேன்.” நாற்காலி கவிழ்ந்தது. கைப்பிடியைத் திருகித் திறந்து நடைவழிக்கு ஓடினான்.

யாரும் இல்லை.

விளக்குகள் எரிந்தன. மேசைகளில் ஆள் இல்லை. குளிரில் பல் கிட்டியது, கட்டிடத்துக்குள் இருக்கக் கூடாத குளிர். அவன் வெளியே விட்ட மூச்சு வெள்ளையாக நின்றது. பின்னால் கிளிக் என்று கதவு பூட்டிக்கொண்டது. அவனிடம் அட்டை இல்லை.

கதவை ஒட்டிச் சுவரில் ஒரு சின்னத் திரை இருந்தது. உள்ளே நடப்பதை மாட்டிலா அதில்தான் பார்ப்பார், பேசுவதையும் கேட்பார். ஆர்லன் பார்த்தான்.

நாற்காலி கவிழவில்லை. அதில் அவன் உட்கார்ந்திருந்தான். ஆர்லன் லாஹ்திதான், குழாய்களோடு, தகடுகளோடு, இரண்டு பாதமும் தரையில். எதிரே க்வென். உள்ளே கதகதப்பாக இருக்க வேண்டும், அவன் கன்னங்கள் சிவந்திருந்தன.

வெளியே நின்றவன் தலை உயரத்தில் கதவைத் தட்டினான். பலமாக. “மேடம், நான் இங்க இருக்கேன். தெறங்க. தெறடா.”

திரையில் க்வென் தலையைத் திருப்பினாள். “யாரோ தட்டுற மாதிரி இல்ல, கண்ணு?”

நாற்காலியில் இருந்தவனின் கண்கள் திறந்திருந்தன. அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அந்த முகத்தை ஆர்லனுக்கு உள்ளிருந்தே தெரியும்.

“எனக்கு எதுவும் கேக்கல, மேடம்.”

அவள் கருவியைப் பார்த்தாள். எல்லாக் கோடுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஒன்றுகூடத் துள்ளவில்லை. “சரியாத்தான் சொல்ற,” என்றாள்.

விரல்கள் மரத்துவிட்டன. அவன் கைப்பிடி உயரத்தில் தட்டினான்.  கதவோடு கதவாகச் சரிந்து உட்கார்ந்து, மெதுவாக, கீழ்ப்பக்கத்தில் தட்ட ஆரம்பித்தான்.