காப்பு கட்டிய பிறகு

கலியம்மாள் காபியை மூன்று டம்ளரில்தான் ஊற்றினாள். வீட்டில் இருந்ததோ நாலு பேர். டம்ளர்களை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவள், தையலம்மாளைக் கடக்கும்போது முந்தானையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டாள், சுண்ணாம்பு காயாத சுவரைக் கடப்பதைப்போல.

தையலம்மாள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் மருந்து ஏறிய பிறகு அவளுக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டிவிட்டது. ஓரகத்தி தன்னிடம் பேசாமல் இருப்பதும் அந்த மருந்தின் இன்னொரு விளைவுதான் என்று சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

கூடத்தில் தையலம்மாளின் கணவன் ராசு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்காலிலும் தீப்புண். கலியம்மாள் கீழே உட்கார்ந்து, சுகாதார நிலையத்தில் கொடுத்த களிம்பைத் தடவ ஆரம்பித்தாள். அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கொழுந்தன் ராசு தாயில்லாத சின்னப் பையன். சோறு ஊட்டி, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான்.

“எத்தினி வருசமா தீ மிதிக்கிறான் எம் புள்ள. ஒரு கொப்புளம் கண்டிருப்பானா? இந்த வருசம் மட்டும் இன்னாத்துக்கு சுட்டுது?”

“வுடுங்க அண்ணி.”

“நான் இன்னாடா வுடறது? காப்பு கட்டின ஊர வுட்டுட்டு ஒருத்தி டவுன்ல போயி ராத்திரி தங்கிட்டு வரா. ஆத்தா பார்த்துக்கினு சும்மா இருப்பாளா?”

சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். சொன்னது அடுப்படிக்கு. ராசு தலையைக் குனிந்துகொண்டான்.

கரியமாணிக்கத்துக்கு அடுத்த அந்த ஊரில், அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் தீமிதி முடியும்வரை யாரும் வெளியூரில் இரவு தங்குவதில்லை. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். தீ மிதிக்கக் கையில் மஞ்சள் காப்பு கட்டியவனுக்கோ அது இன்னும் கண்டிப்பு. ராசுவின் அண்ணன் நாகராஜன்தான் கோயில் தர்மகர்த்தா. அந்த வீட்டு மருமகள் எல்லை தாண்டினாள் என்பதை ஊர் இன்னும் மென்றுகொண்டிருந்தது.

தையலம்மாளுக்கு மார்பில் கட்டி வந்து ஒரு பக்கத்தை எடுத்திருந்தார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஆரோக்கியசெல்வி என்ற சுகாதாரப் பணியாளர் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்து பேசியிருந்தாள். இந்த நோய்க்கு ஒரு புது மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி நடக்கிறது என்றாள். “இதுவரைக்கும் டவுன்காரங்க, வெளிநாட்டுக்காரங்க உடம்புலதான் பார்த்திருக்காங்க. வெயில்ல கரும்பு வெட்டற, நாத்து நடற நம்ம உடம்புல அது எப்படி வேலை செய்யும்னு யாருக்கும் தெரியாது. நீங்க வந்தாதான் தெரியும்.” புது மருந்து கிடைத்தாலும் கிடைக்கலாம், பழையது மட்டுமே கிடைத்தாலும் கிடைக்கலாம், எது யாருக்கு என்று டாக்டருக்கே தெரியாது என்பதையும் அவள் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வர என்ன தடை என்று கேட்டாள். பஸ் இல்லை என்றார்கள். கூலி போகும் என்றார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை என்றார்கள். காப்பைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அதைப் போய் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் தேதி குறித்தபோது அது காப்புக்கும் தீமிதிக்கும் நடுவில் விழுந்தது. முதல் மருந்துக்கு ஓர் இரவு அங்கே தங்கித்தான் ஆக வேண்டும். அறுவை முடிந்து குறிப்பிட்ட நாளுக்குள் மருந்து தொடங்காவிட்டால் ஆராய்ச்சியில் இடம் இல்லை. தையலம்மாளுக்கு அந்த இடம் வேண்டும். உயிர்மேல் இத்தனை ஆசை இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லிக்கொண்டுதான் போனாள். அன்று ராசு எதிரில் வந்து வழியனுப்பக்கூட இல்லை.

ஆனால் அன்றிரவு வார்டு ஜன்னலிலிருந்து அவள் அவனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில், தெருவிளக்குக்குக் கீழே, மஞ்சள் வேட்டியோடு, யாரோ அங்கே நட்டுவிட்டுப்போன மரம்போல நின்றிருந்தான். பின்னிரவுவரை நின்றான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்தது உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

வீடு திரும்பிய பிறகு அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தீமிதியில் அவன் கால் வெந்தது. பழி அவள்மேல் விழுந்தது. அவளைப் பார்த்து மார்புப் பரிசோதனைக்கு வருவதாகச் சொன்ன இரண்டு பெண்கள் பின்வாங்கிக்கொண்டார்கள்.

நாளைக்கு இரண்டாவது மருந்து. பொழுது ஏறியதும் ஆரோக்கியசெல்வி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். நாகராஜன் நாற்காலியைக் காட்டினார். ஆனால் குரலில் வரவேற்பு இல்லை.

“அவ இனிமே வரமாட்டாம்மா. எலிக்கு ஊசி போட்டுப் பாக்கற மாதிரி எங்க வூட்டுப் பொம்பளையக் குடுக்க முடியாது. பட்டது போதும்.”

“சரிங்கய்யா. அக்கா வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், போயிடறேன்.”

தையலம்மாள் அடுப்படி நிலையில் வந்து நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், ராசுவைத் தவிர.

“வரல தங்கச்சி.”

“நீங்க எப்ப வேணும்னாலும் வெளிய வரலாம்க்கா. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, எப்பவும் குடுக்கற வைத்தியம் கெடைக்கும். ஆனா இது உங்க விருப்பமா? அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

தையலம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பார்வை ராசுவின் கால்களுக்குப் போனது.

“என்னால ஒருத்தர் கால் வெந்துபோச்சே... இன்னும் எதுக்கு ஆசப்படறது?”

“அதான் அவளே சொல்றாளே,” என்றாள் கலியம்மாள்.

“அவளால இல்ல அண்ணி.”

ராசுவின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தான், முடியவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“காப்பு கட்டின கையோட நாந்தான் எல்லைய தாண்டினேன். அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னுக்கினு இருந்தேன். நீங்கல்லாம் தூங்கறீங்கன்னு வண்டியத் தள்ளிக்கினே போயி... விடியறதுக்குள்ள வந்துட்டேன். உள்ள அவளுக்கு இன்னா ஏத்தறாங்களோன்னு... வூட்ல படுக்க முடியலண்ணே.”

நாகராஜன் மெதுவாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“இத்தினி நாளா அவளத் திட்டறத கேட்டுக்கினுதானடா இருந்த?”

“பயமா இருந்துதுண்ணே. கோயில்ல உன் தல குனியும்னு...”

“இப்ப மட்டும் நிமிந்து நிக்குதா?” அவர் வாசலுக்குப் போனார். திரும்பாமலே சொன்னார். “ஊர்ல சொல்லிட்டு வரேன். கோயில் சாவி இனிமே நம்ம வூட்ல இருக்கக்கூடாது.”

அவர் செருப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. கலியம்மாள் களிம்பு அப்பிய கையை எங்கே துடைப்பது என்று தெரியாதவள்போல நின்றாள்.

“உனக்குத் தெரியுமாடி?”

“ஜன்னல்ல பார்த்தேங்க்கா.”

“பார்த்துட்டுமா வாயத் தொறக்காம இருந்த? நான் காபித் தண்ணிகூட குடுக்காம... நாய வெரட்டற மாதிரி...”

“காப்பு கட்டினவரு அவரு. நான் வெறும் நோயாளிதானே. பழி எம்மேல கெடந்தா யாருக்கு இன்னா?”

ராசு அழுதுகொண்டிருந்தான். தையலம்மாள் அவனருகில் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

“நீங்க அங்க நிக்கறத பார்த்தப்ப, செத்தாலும் பரவால்லன்னு இருந்துது. இங்க வந்து வாய மூடிக்கினு உக்காந்தப்ப... நெசமாவே செத்துடலாம்னு இருந்துது.”

பிறகு ஆரோக்கியசெல்வியிடம் திரும்பினாள்.

“நாளைக்கு வரேன் தங்கச்சி. என் விருப்பம்தான். அது புது மருந்தோ பழசோ, என்னைக் காப்பாத்துமோ இல்லியோ, நடுவுல விட்டுட்டு வரமாட்டேன். இன்னொண்ணு, வேற ஊருக்குப் போனா எந்த மாசம் காப்பு, என்ன கட்டுப்பாடுன்னு கேளுங்க. நாங்களா சொல்லமாட்டோம்.”

“எங்க டாக்டர்கிட்ட இன்னிக்கே சொல்றேன்க்கா. கேக்காதது எங்க தப்பு.”

அவள் வண்டி கிளம்பிப் போன பிறகும் கலியம்மாள் அதே இடத்தில் நின்றாள். கூடத்தில் வெளிச்சம் மங்கி, மழைக்கு முன்பு வரும் சாம்பல் நிறம் எல்லார் முகத்திலும் ஒன்றுபோலப் படிந்தது. சட்டென்று அவள் வந்து தையலம்மாளைக் கட்டிக்கொண்டாள். கட்டிய வேகத்திலேயே, வெட்டி எடுத்த பக்கம் நினைவுக்கு வந்து, கையைத் தளர்த்தினாள்.

“நல்லா புடிக்கா,” என்றாள் தையலம்மாள். “வலிச்சா சொல்றேன்.”